தேத்தண்ணிக்குப் போட்ட பால்மா கணக்கில் வருமா?

பொகவந்தலாவையிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "போன கிழமை உணவுக் கணக்கெடுப்பு என்று எங்கள் லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) இரண்டு பேர் டேப்லட்டோடு வந்தார்கள். கடந்த ஏழு நாளில் பால் எத்தனை நாள், மீன் எத்தனை நாள் என்று கேட்டதற்கு, இரண்டுக்குமே அம்மா 'ஏழு நாளும்' என்று சொல்லிவிட்டார். பால் என்றால் தேத்தண்ணிக்குப் போடும் பால்மாதான். மீன் என்றால் சம்பலுக்கு இடித்துப் போடும் மாசிக் கருவாடு, ஒரே ஒரு நாள் கருவாட்டுக் குழம்பு. இதனால் அஸ்வெசும (அரசின் நலன்புரிக் கொடுப்பனவு) வெட்டுப்படுமா? திருத்த முடியுமா?"

முதலில் பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். அஸ்வெசும யாருக்கு என்பதை நலன்புரி நன்மைகள் சபை தன் சொந்த விண்ணப்பத்தை வைத்து, கல்வி, சுகாதாரம், வீடு, சொத்து என்று 22 குறிகாட்டிகளைப் பார்த்துத் தீர்மானிக்கிறது. உங்கள் அம்மாவிடம் கேட்டது வேறு. அது உலக உணவுத் திட்டம் உருவாக்கி, பல நாடுகளில் ஆய்வாளர்கள் பயன்படுத்தும் உணவு நுகர்வுப் புள்ளிக் கணக்கு போலத் தெரிகிறது.

ஒவ்வொரு உணவு வகையையும் கிழமையில் எத்தனை நாள் சாப்பிட்டீர்கள் என்பதை அதற்குரிய எடையால், அதாவது அந்த வகையின் சத்துக்கு ஏற்ப வைத்த எண்ணால், பெருக்குவார்கள். சோறு, ரொட்டி, கிழங்கு எல்லாம் சேர்ந்து ஒரே வகை, எடை 2. பருப்புக்கு 3. மரக்கறிக்கும் பழத்துக்கும் தலா 1. இறைச்சி, மீன், முட்டைக்கு 4, பாலுக்கும் 4. சீனிக்கும் எண்ணெய்க்கும் தலா அரை. ரொட்டிக்குக் கிழங்குக் கறி வைத்தாலும் அந்த வகைக்கு ஏழு நாளுக்கு மேல் கிடையாது.

லயத்து வீடொன்றின் கிழமையை எடுத்துக்கொள்வோம். ரொட்டியும் சோறும் ஏழு நாள், 14. பருப்பு மூன்று நாள், 9. மரக்கறி ஐந்து நாள், 5. கருவாடு ஒரு நாள், 4. சீனியும் எண்ணெயும் தினமும், 7. மொத்தம் 39. சீனியும் எண்ணெயும் தினமும் புழங்கும் இடங்களில் 28 வரை மோசம், 42 வரை எல்லைக்கோடு, அதற்கு மேல் போதுமானது. ஆக இந்த வீடு எல்லைக்கோட்டில் நிற்கிறது. இதே வீட்டில் பாலுக்கும் மீனுக்கும் 'ஏழு நாளும்' என்று பதிந்தால் புள்ளி 91! கருவாட்டுக் குழம்பு கொதித்தது ஒரே நாள்தான், ஆனால் காகிதத்தில் அது செழிப்பான வீடு.

விதிப்படி, ருசிக்குச் சேர்க்கும் சிறு அளவு வேறு கணக்கு. தேத்தண்ணிப் பால் பாலில் சேராது, சம்பல் மாசி மீனில் சேராது. இதை விசாரித்துப் பதிவது கணக்கெடுப்பவரின் வேலை, அம்மாவின் வேலை இல்லை. நான் இந்த வேலைக்குப் போன காலத்தில், "பாலா, தினமும்தான்" என்ற ஒரு அக்காவிடம் பால்மா பக்கட்டைக் காட்டச் சொன்னேன். சின்னப் பக்கட், வாயை மடித்து ரப்பர் பேண்ட் போட்டிருந்தார். ஐந்து பேருக்கு ஒரு கிழமை அதுதான். வீட்டுக்கு வந்தவரிடம் 'இல்லை' என்று சொல்ல நம் ஆட்களுக்குக் கூச்சம்.

அந்தக் கூச்சத்துக்கு விலை உண்டு. உலக உணவுத் திட்டமும் உணவு விவசாய அமைப்பும் 2023இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, இலங்கையில் 39 லட்சம் பேருக்கு, அதாவது 17 வீதமானோருக்கு, அப்போது உணவுப் பாதுகாப்பு இருக்கவில்லை. நிலைமை மோசமாக இருந்த இடங்களில் முன்னால் நின்றது தேயிலைத் தோட்டங்கள். எல்லா வீட்டிலும் 91 என்று பதிந்திருந்தால் அந்த வரி அறிக்கையில் வந்தேயிருக்காது.

இன்னொன்றும் கேட்டிருப்பார்கள்: பிள்ளைகளுக்குப் போதாமல் போகும் என்று பெரியவர்கள் குறைத்துச் சாப்பிட்டார்களா? சாப்பாடு போதாதபோது வீடுகள் கையாளும் சமாளிப்பு முறைகளில் இதற்குத்தான் ஆகக் கூடிய எடை, 3. வேளையைக் குறைப்பதற்குக்கூட 1தான். "எனக்குப் பசிக்கல்ல" என்று சட்டியை வழித்துப் பிள்ளைக்குப் போடும் அம்மா இந்தக் கேள்விக்கும் 'இல்லை' என்றுதான் சொல்லியிருப்பார். கேட்டுப் பாருங்கள்.

திருத்த முடியும். வந்தவர்கள் தொலைபேசி இலக்கம் தந்திருந்தால் உடனே அழையுங்கள், தரவு பூட்டப்படுவதற்கு முன் மேற்பார்வையாளர் மாற்றலாம். இலக்கம் இல்லையென்றால் அவர்களை அனுப்பியது யார் என்று கிராம உத்தியோகத்தரிடம் விசாரியுங்கள். அடுத்த தடவை சமைப்பவரே பதில் சொல்லட்டும், பக்கத்துக் காம்பிராக்காரர் நிற்கும்போது வேண்டாம். சம்பளம் எடுத்த கிழமையோ தீபாவளிக் கிழமையோ என்றால், "இது வழக்கமான கிழமை இல்லை" என்று முதலிலேயே சொல்லிவிடச் சொல்லுங்கள்.