80 புள்ளியை நம்பி பள்ளியை நிறுத்தலாமா?

ஐயா, ரேட்டிங்கில், அதாவது ஆட்டத் திறனைக் காட்டும் எண்ணில், தன்னைவிட 300 கூடுதலாக உள்ள இருவரை உங்கள் மகள் ஒரே ஓப்பன் செஸ் போட்டியில் வென்றது பெரிய விஷயம்தான். வாழ்த்துகள். ஆனால் பதினான்கு வயதுப் பெண்ணைப் பள்ளியிலிருந்து நிறுத்தி முழுநேரமும் செஸ் ஆட விடலாமா என்று கேட்கிறீர்கள். வேண்டாம்.

உங்கள் மைத்துனர் குகேஷையும் திவ்யா தேஷ்முக்கையும் காட்டுகிறார். குகேஷ் 12 வயதில் கிராண்ட்மாஸ்டர். 2024இல், 18 வயதில் உலக சாம்பியன். திவ்யா 2025இல் பெண்கள் உலகக் கோப்பையை வென்று, கையில் ஒரு நார்ம்கூட (பட்டத்துக்குரிய தரத்தில் ஒரு போட்டியை ஆடி முடித்ததற்கான தகுதி) இல்லாமல் நேரடியாகக் கிராண்ட்மாஸ்டர் ஆனார். எல்லாம் உண்மைதான். ஆனால் அந்தக் கோப்பைக்குப் போகும்போதே திவ்யா கிராண்ட்மாஸ்டருக்கு ஒரு படி கீழான இன்டர்நேஷனல் மாஸ்டர், ரேட்டிங் 2400க்கு மேல். உங்கள் மகள் 1700. இதை உங்கள் மைத்துனர் சொல்ல மாட்டார்.

ஒரே போட்டியில் 80 புள்ளி ஏறியதைப் பெரிதாக எழுதியிருக்கிறீர்கள். 18 வயதுக்குள், 2300க்குக் கீழே உள்ளவர்களுக்கு ரேட்டிங் கணக்கில் பெருக்கும் எண் 40. எதிராளிகளின் ரேட்டிங்கை வைத்து எதிர்பார்த்ததைவிட ஆட்டங்களில் 2 புள்ளி (ஒரு வெற்றிக்கு 1) கூடுதலாக எடுத்தால், 2 பெருக்கல் 40, ரேட்டிங் 80 ஏறும். வயது தாண்டியதும் அந்த எண் 20 ஆகிவிடும். அதே ஆட்டத்துக்கு அப்போது ரேட்டிங் 40தான் ஏறும். இறங்கும்போதும் இதே வேகம்தான். எதிரே உட்காரும் சிறுவனின் ரேட்டிங் 1500 என்று இருக்கும், ஆட்டமோ 1900க்கு இருக்கும். அடுத்த இரண்டு போட்டியில் இந்த 80 கரைந்தால் பிள்ளையை யாரும் திட்டக் கூடாது.

பயிற்சியாளர் ஆவது, விளையாட்டு ஒதுக்கீடு இதையெல்லாம் எல்லோரும் சொல்வார்கள், விட்டுவிடுகிறேன். கடிதத்தின் நடுவே நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒன்றுதான் எனக்கு முக்கியம். பக்கத்துப் பலகையில் ஒருவர், ஒரே நிலை மூன்றாம் முறை வருகிறதென்று டிரா கேட்டார்; நடுவர் மறுத்தார்; காரணத்தை மகள்தான் உங்களுக்கு விளக்கினாள் என்கிறீர்கள். அந்த நிலையைக் கொண்டுவரும் நகர்வை அவர் தாளில் எழுதி, காயைத் தொடாமல் நடுவரிடம் சொல்லியிருக்க வேண்டும். அவரோ காயை நகர்த்திவிட்டு, கடிகாரத்தையும் அமுக்கிவிட்டுக் கேட்டார். மகள் சரியாகச் சொல்லியிருக்கிறாள். நன்றாக ஆடும் பலருக்கே இது தெரியாது.

நடுவர் வேலை என்று ஒன்று இருப்பதை யாரும் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. மேசைகளுக்கிடையே நடப்பது மட்டுமல்ல அது. ஏறக்குறைய ஒரே புள்ளி எடுத்தவர்களை மோதவிடும் சுவிஸ் முறையில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஜோடி போட வேண்டும். மென்பொருள் போட்டாலும், இந்த ஜோடி ஏன் என்று கேட்கும் அப்பாவுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நடுவர். சமப்புள்ளி வந்தால் யார் மேலே என்று தீர்க்கும் டை-பிரேக், கைப்பேசி சோதனை, விதிமீறிய நகர்வுக்கு எதிராளிக்கு 2 நிமிடம் கூட்டித் தருவது, ஐந்தாம் முறை ஒரே நிலை வந்தால் யாரும் கேட்காமலே ஆட்டத்தை டிராவாக முடிப்பது, கடைசியில் ரேட்டிங் அறிக்கை. உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே நடத்தும் கருத்தரங்கில் தேர்வு எழுதி, போட்டிகளில் பணியாற்றி நடுவருக்கான நார்ம் சேர்த்தால் ஃபிடே ஆர்பிட்டர் என்ற நடுவர் பட்டம். அதற்கு மேல் இன்டர்நேஷனல் ஆர்பிட்டர். கிராண்ட்மாஸ்டர் ஆகியிருக்க வேண்டியதில்லை. போட்டிக்குப் போட்டிதான் ஊதியம் என்பதால் பலர் வேறு வேலையோடு சேர்த்தே செய்கிறார்கள். அதனால்தான் பள்ளியும் பட்டமும் வேண்டும் என்கிறேன். கணக்கோ கணினியோ, அவளுக்குப் பிடித்ததைப் படிக்கட்டும்.

செலவு விஷயத்தில் நான் கறார். கிராண்ட்மாஸ்டர் நார்ம் என்றால் பொதுவாக 9 சுற்று, எதிராளிகளில் குறைந்தது 3 கிராண்ட்மாஸ்டர்கள், அயல்நாட்டு ஆட்டக்காரர்களும் வேண்டும், அந்தப் போட்டியில் காட்டும் ஆட்டத்தரம் 2600. இப்படி 3 நார்மும் 2500 ரேட்டிங்கும் சேர வேண்டும். ஒவ்வொரு பயணத்துக்கும் பிள்ளையோடு ஒருவர் போக வேண்டும், இருவருக்கும் டிக்கெட், தங்குமிடம். 1700இல் இருக்கும்போது இதற்காகக் கடன் வாங்காதீர்கள், நகையைத் தொடாதீர்கள். விடுமுறையில், பக்கத்தில் நடக்கும் போட்டிகள் போதும்.

ஒன்று மட்டும் செய்யுங்கள். அடுத்த போட்டியில் அவள் ஆட்டம் சீக்கிரம் முடிந்தால் உடனே வீட்டுக்கு அழைத்து வராதீர்கள். தலைமை நடுவரிடம் அனுமதி கேட்டு, சுற்று முடிந்தபின் முடிவுகளைப் பதிவதையும் அடுத்த ஜோடி போடுவதையும் பக்கத்தில் நின்று பார்க்கச் சொல்லுங்கள். பிறகு அவளிடமே கேளுங்கள். ஆடத்தான் பிடிக்கிறது என்றாலும் சரி, அவள் சொல்வதை எனக்கு எழுதுங்கள். மைத்துனர் சொல்வதை எழுத வேண்டாம்.