வாசகர் கேள்வி–பதில்: குளிர்கால லான் பவுல்ஸ் லீக்

கேள்வி: மெல்பர்ன் புறநகர் ஒன்றில் உள்ள லான் பவுல்ஸ் (பவுல் எனும் கனமான பந்தை, ஜாக் எனும் சிறு பந்துக்கு மிக அருகில் நிற்குமாறு தரையில் உருட்டும் ஆட்டம்) கிளப்பில் குளிர்கால லீக்கின் செயலாளராக இருக்கிறேன். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சனிக்கிழமை பிற்பகல்களில், அணிக்கு மூவர் என 12 அணிகள் ஆடுகின்றன. எங்கள் செயற்கைத் தரையில் எட்டு ரிங்க்குகள், அதாவது தலா ஓர் ஆட்டம் நடக்கும் நீளப் பட்டைகள், உள்ளன. அடுத்த ஆண்டு மேலும் 10 அணிகள் சேர விரும்புகின்றன. எல்லோரையும் சேர்த்துக்கொள்ளலாம் என்பது குழுவில் பலரின் கருத்து. தங்கள் யோசனை என்ன?

பதில்: நான்கு அணிகளை மட்டும் சேருங்கள். இப்போது 12 அணிகள் ஆறு ரிங்க்குகளில் ஆடுகின்றன. இரண்டு காலியாகக் கிடக்கின்றன. நான்கு அணிகள் வந்தால் எட்டும் நிரம்பிவிடும். அதற்கு மேல் சேர்த்தால் ஒரே பிற்பகலில் இரண்டு அமர்வுகள் வைக்க வேண்டிவரும். ஜூன் மாதத்தில் உங்கள் ஊரில் மாலை 5 மணியைச் சற்றுத் தாண்டியதுமே சூரியன் மறைந்துவிடுகிறது. அதற்கு முன்பே தரையில் ஈரம் இறங்கத் தொடங்கிவிடும். ஆகஸ்ட் கடைசியில் 6 மணி வரை வெளிச்சம் இருக்கும் என்பது உண்மைதான், ஆனால் லீக் தொடங்குவது ஜூனில் அல்லவா?

இட நெருக்கடியைவிடப் பெரிய சிக்கல் நாட்காட்டியில் இருக்கிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை உங்களுக்குக் கிடைப்பவை ஏறத்தாழ 13 சனிக்கிழமைகள். 12 அணிகள் ஒவ்வொன்றும் மற்ற எல்லா அணிகளோடும் ஒரு முறை மோத 11 வாரங்கள் ஆகும். அரையிறுதி, இறுதி ஆட்டங்களையும் கூட்டினால் 13 வாரங்களும் தீர்ந்துவிடும். மழைக்கென்று ஒரு வாரம்கூட மிஞ்சாத இந்த அட்டவணையை வைத்துக்கொண்டு இதுவரை சமாளித்தீர்கள் என்றால், அது உங்கள் அதிர்ஷ்டம் என்றே சொல்வேன். 16 அணிகளை ஒரே பிரிவில் வைத்தால் லீக் சுற்றுக்கே 15 வாரங்கள் தேவை. 22 அணிகளைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

ஆகவே 16 அணிகளை எட்டு எட்டாக இரண்டு பிரிவுகளாக்குங்கள். முதல் ஏழு வாரங்களில் ஒவ்வொரு பிரிவிலும் எல்லா அணிகளும் ஒன்றோடொன்று மோதட்டும். பிறகு முதல் நான்கு இடங்களில் உள்ளவை தமக்குள்ளும், கடைசி நான்கு இடங்களில் உள்ளவை தமக்குள்ளும் இன்னும் மூன்று வாரங்கள் ஆடட்டும். இப்படிச் செய்தால் கடைசி இடத்தில் இருக்கும் அணிக்கும் 10 ஆட்டங்கள் கிடைக்கும். அரையிறுதிக்கும் இறுதிக்கும் இரண்டு வாரங்கள் போக, ஒரு வாரம் மழைக்கென்று கையிருப்பில் இருக்கும். பருவ முடிவில் முதல் பிரிவின் கடைசி அணியும் இரண்டாம் பிரிவின் முதல் அணியும் இடம் மாறிக்கொள்ளட்டும். முதல் ஆண்டிலேயே இரண்டு, மூன்று அணிகளை மாற்றினால் பழைய அணிகள் முகம் சுளிக்கும்.

மீதமுள்ள ஆறு அணிகளைத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. விளக்கு வசதி இருந்தால் வெள்ளிக்கிழமை மாலையில் மூன்று ரிங்க்குகளில் அவர்களை ஆட வையுங்கள். ஆறு அணிகள் தமக்குள் இரு முறை மோதினால் அங்கும் சரியாக 10 வாரங்கள்தான் ஆகும். ஆனால் அந்த மாலைக்குத் தரையைத் திறந்து மூடவும், புள்ளி அட்டைகளை வாங்கி வைக்கவும், ஜாக்கிற்கு அருகில் இரண்டு பவுல்கள் ஒட்டி நின்று தகராறு வரும்போது அளந்து முடிவு சொல்லவும் ஒருவர் முன்வந்த பிறகே அதை அறிவியுங்கள். சனிக்கிழமை முழுதும் உழைப்பவரையே வெள்ளிக்கிழமைக்கும் இழுத்தால், அவர் மறு ஆண்டு ஒதுங்கிவிடுவார்.

கேள்வி: பக்கத்திலேயே எங்கள் புல்தரை குளிர்காலம் முழுதும் மூடிக் கிடக்கிறது. அதைத் திறக்கும்படி கிளப்பை வற்புறுத்தலாமா?

பதில்: கூடாது. ஆஸ்திரேலியாவின் பல தரைகளில் வளர்வது நம் அருகம்புல் இனத்தைச் சேர்ந்த புல்தான். வெப்பத்தை விரும்பும் அது, குளிரில் வளர்ச்சியை நிறுத்திப் பழுப்பேறி உறங்கிவிடும். மிதிபட்ட இடம் வசந்தம் வரை தேறாது. உறைபனி படிந்த காலையில் அதன்மேல் நடந்தால் பாதச்சுவடுகள் அப்படியே கருகித் தெரியும். கோடைப் போட்டிகளுக்காகத் தரையைப் பேணுபவரோடு மோதிக்கொண்டு எந்தக் குளிர்கால லீக்கும் வளர முடியாது.

கேள்வி: புதிதாக வருபவர்களில் தமிழ்க் குடும்பங்களும் உண்டு, பலர் பவுலைக் கையில் எடுத்ததே இல்லை. அவர்களைத் தனி அணியாக வைப்பதா, கலந்து வைப்பதா?

பதில்: கலந்து வையுங்கள். அணியில் முதலில் ஆடும் லீட் இடத்தைப் புதியவருக்குக் கொடுங்கள். நின்று வீசுவதற்கான பாயை விரித்து, ஜாக்கை உருட்டி, எதிரணியின் லீடோடு மாறி மாறித் தன் பவுல்களை வீசும் அவருக்கு, தரையில் தடையாக அதிகம் எதுவும் இராது. பவுல் நேராக ஓடாமல் வேகம் குறையக் குறைய ஒரு பக்கமாக வளையும் என்பதைப் பழகிக்கொள்ள அதைவிட நல்ல இடம் இல்லை. கடைசியில் ஆடும் அணித் தலைவரான ஸ்கிப் மட்டும் அனுபவசாலியாக இருந்தால் போதும்.

2022 பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டியில் இந்தியப் பெண்கள் நால்வர் அணி தென்னாப்பிரிக்காவை 17–10 என வென்று தங்கம் பெற்றதைச் சொன்னால், தயங்கி நிற்கும் பெண்கள் சிலர் வருவார்கள். கைக்கு அடங்கும் சிறிய அளவுப் பவுல்களைக் கிளப்பிலேயே இரவலாக வைத்திருங்கள். பெரும்பாலும் ஆண்களின் அளவுகளே அலமாரியில் நிறைந்திருக்கும். காலணியின் அடி மட்டமாக இருக்க வேண்டும் என்பதை அழைப்பிலேயே எழுதிவிடுங்கள். குதிகால் உயர்ந்த காலணியோடு வருபவரைத் தரையில் இறங்க விடமாட்டார்கள்.