முதலில் பந்து, அப்புறம் புல்: கோல்ஃப் கேள்வி பதில்

சென்னையில் 19 வருடமாக கோல்ஃப் சொல்லித் தருகிறேன். அதற்கு முன் பல வருடம் கேடி (caddie), அதாவது ஆட்டக்காரர்களின் கிளப் பையைத் தூக்கிப்போகிறவன். அடி சீராக விழுவது பற்றி மட்டும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே. எல்லாம் வலது கை ஆட்டக்காரர்களுக்காக எழுதியது. இடது கைக்காரர்கள் பக்கத்தை மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

வேளச்சேரி வாசகர்: ரேஞ்சில் (பயிற்சித் திடலில்) 7 அயர்ன் (இரும்புத் தலை கிளப்களில் ஒன்று) அருமையாகப் போகிறது. மைதானத்தில் அதே கிளப் பந்துக்கு முன்பே தரையில் மாட்டிக்கொள்கிறது. ஒரே ஸ்விங், எப்படி இரண்டு விதமாக ஆகும்?

ஸ்விங் ஒன்றுதான். ரேஞ்சில் இருக்கும் மேட் (செயற்கைப் புல் விரிப்பு) உங்கள் தப்பை மறைக்கிறது. கிளப் பந்துக்கு இரண்டு அங்குலம் பின்னால் இறங்கினாலும் மேட்டில் வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தை அடித்துவிடும். சத்தம்கூட நன்றாகவே கேட்கும். புல்தரையில், அதுவும் மழைக்குப் பிறகு, அந்த இரண்டு அங்குலம் மண்ணில் புதையும். மேட்டில் மட்டும் பயிற்சி செய்யாதீர்கள் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன். இங்கேயும் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

ஸ்விங் ஒரு வளைவு. அந்த வளைவின் அடிப்புள்ளி, அதாவது மிகத் தாழ்ந்த இடம், எங்கே இருக்கிறது என்பதுதான் அயர்ன் ஆட்டத்தில் முக்கால்வாசி. நன்றாக ஆடுகிறவர்களுக்கு அது பந்தைத் தாண்டி, இலக்குப் பக்கம், நான்கு அங்குலம் வாக்கில் இருக்கும். அதனால் கிளப் இறங்கும் வழியில் முதலில் பந்தைத் தொடும், அப்புறம் புல்லை எடுக்கும். டிவட் (கிளப் புல்லைப் பெயர்த்த தடம்) பந்து இருந்த இடத்திலோ அதற்கு முன்னால், இலக்குப் பக்கமோ தொடங்கும், பின்னால் தொடங்காது.

இதைச் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். வீட்டிலிருந்து ஒரு பிடி கோலமாவு கொண்டுபோங்கள். பயிற்சிக்கு அனுமதித்த புல்லில், இலக்குக்குக் குறுக்காக இரண்டு அடி நீளத்துக்கு ஒரு கோடு இழுங்கள். கோட்டின் மேல் பந்து இருப்பதாக நினைத்து நில்லுங்கள். பந்து இல்லாமல் வீசுங்கள். ஒவ்வொரு வீச்சுக்கும் கோட்டோடு கொஞ்சம் நகர்ந்து நில்லுங்கள். 10 வீச்சு முடிந்ததும் குனிந்து பாருங்கள். கோட்டுக்குப் பின்னால் புல் பெயர்ந்து, மாவு கலையாமல் இருந்தால் உங்கள் அடிப்புள்ளி பின்னால் கிடக்கிறது. மாவு கலைந்து, வெற்றிலையளவு புல் கோட்டுக்கு அந்தப் பக்கம் பெயர்ந்திருந்தால் சரி. 10ல் 7 அப்படி விழும்வரை பந்தை வைக்காதீர்கள்.

பின்னால் விழுவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். பந்தைத் தூக்கிவிட வேண்டும் என்று கை அள்ளப் பார்க்கும், எடை வலது காலிலேயே தங்கிவிடும். பந்தை ஏற்றும் வேலையைக் கிளப் முகத்தின் (பந்தில் படும் பக்கத்தின்) சாய்வு பார்த்துக்கொள்ளும். 7 அயர்னில் 30 டிகிரிக்கு மேலேயோ அதையொட்டியோ சாய்வு இருக்கிறது. உங்கள் வேலை எடையை இடது காலுக்குக் கொண்டுபோவது. வீசி முடித்தபின் வலது காலைத் தரையிலிருந்து எடுத்துப் பாருங்கள். தடுமாறாமல் நிற்க முடிந்தால் எடை வந்துவிட்டது. முதலில் 9 அயர்னில், இடுப்பளவிலிருந்து இடுப்பளவுக்கு அரை வீச்சு. முழு வீச்சுக்கு அவசரம் வேண்டாம்.

மேட்டைத் தவிர வேறு வழியே இல்லையென்றால், ஒரு துண்டை மடித்துப் பந்துக்கு ஒரு சாண் பின்னால் போடுங்கள். துண்டு நகர்ந்தால், புல்லில் அந்த அடி மண்ணில் விழுந்திருக்கும்.

கோவை வாசகர்: 60,000 ரூபாய்க்குள் எந்த பிராண்ட் அயர்ன் செட் நல்லது?

கிளப் வாங்குவது பற்றி இங்கே வேண்டாம். நீளமும் லை கோணமும் (தண்டு தரையோடு சேரும் கோணம்) உங்கள் உடம்புக்குப் பொருந்துகிறதா என்று ஃபிட்டிங் செய்பவரிடம் பாருங்கள். பிராண்டை அப்புறம் யோசிக்கலாம்.

பெங்களூரு வாசகர்: எல்லாப் பந்தும் வலது பக்கம் வளைகிறது. இடது பக்கம் குறி வைத்தால் இன்னும் மோசமாகிறது.

மோசமாகத்தான் ஆகும். பந்து எந்தத் திசையில் கிளம்புகிறது என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது கிளப் முகம். அது வளைவது, முகத்துக்கும் ஸ்விங் போகும் பாதைக்கும் உள்ள வித்தியாசத்தால். பாதைதான் கிளம்பும் திசையைத் தீர்மானிக்கிறது என்று முன்பு சொல்லிக்கொடுத்தார்கள்; நானும் அப்படித்தான் கற்றேன். ரேடார் கருவிகள் வந்தபின் அது தவறு என்று தெளிவாகிவிட்டது. நீங்கள் இடது பக்கம் குறி வைக்கும்போது பாதை இன்னும் இடது பக்கம் போகிறது, முகம் திறந்தே (பாதைக்கு வலது பக்கம் பார்த்தபடியே) இருக்கிறது, வித்தியாசம் கூடுகிறது.

முதலில் கிரிப். இடது கையைக் கீழே குனிந்து பார்த்தால் இரண்டு, இரண்டரை விரல் முட்டி தெரிய வேண்டும். ஒன்றுதான் தெரிகிறதென்றால் கையை வலது பக்கம் திருப்பிப் பிடியுங்கள். இரண்டு வாரம் அசௌகரியமாக இருக்கும். விட்டுவிடாதீர்கள்.

அண்ணாநகர் வாசகர்: 10 பந்தில் மூன்று டாப் ஆகிறது (கிளப் பந்தின் மேல்பகுதியில் படுகிறது). கூட ஆடுகிறவர்கள் 'தலையைத் தூக்குகிறாய்' என்கிறார்கள். தலையை எப்படிக் கீழேயே வைப்பது?

வைக்காதீர்கள். டாப் ஆவது கிளப்பின் அடிவிளிம்பு மேலே ஏறிவிட்டதால். அது ஏறுவதற்குக் காரணம், எடை பின்னால் தங்குவது, அல்லது கை மடங்குவது, அல்லது டவுன்ஸ்விங்கில் (கிளப்பைக் கீழே வீசும்போது) இடுப்பு பந்தை நோக்கி முன்னே வருவது. இடுப்பு முன்னே வந்தால் கைக்கு இடம் இருக்காது, முதுகு நிமிரும், கூடவே தலையும் எழும். தலை என்பது ரயிலின் கடைசிப் பெட்டி. நீங்கள் கடைசிப் பெட்டியைப் பிடித்து ரயிலை நிறுத்தப் பார்க்கிறீர்கள்.

பின்புறம் சுவரை லேசாகத் தொடும்படி நின்று, கிளப் இல்லாமல் மெதுவாக ஸ்விங் செய்யுங்கள். டவுன்ஸ்விங் முழுக்கப் பின்புறம் சுவரைவிட்டுப் பிரியக்கூடாது. தினமும் 20 தடவை.

தாம்பரம் வாசகர்: ஷாங்க் வருகிறது. பயமாக இருக்கிறது.

பயம் வேண்டாம், இது தூரக் கணக்கு மட்டும்தான். பந்து கிளப் முகத்தில் படாமல் ஹோசலில் (தலையும் தண்டும் சேரும் இடத்தில்) படுகிறது. முகத்தில் டால்கம் பவுடரை மெல்லியதாகத் தடவி அடியுங்கள், பந்து பட்ட தடம் தெரியும். ஹோசல் பக்கமே இருந்தால் ஸ்விங்கின்போது உங்கள் எடை கால்விரல்களுக்குப் போகிறது. பந்துக்கு வெளிப்பக்கம், ஒரு பந்து அகலம் தள்ளி, காலி அட்டைப்பெட்டி ஒன்றை வையுங்கள். பெட்டியைத் தொடாமல் அடிக்கப் பழகுங்கள்.

திருச்சி வாசகர்: எனக்கு ஸ்லைஸ் (பந்து வலது பக்கம் வளைவது) வருகிறது. என்ன செய்யலாம்?

பெங்களூரு வாசகருக்குச் சொன்னதுதான். கிரிப்பிலிருந்து தொடங்குங்கள்.

மூத்த ஆட்டக்காரர் ஒருவர்: 30 வருடமாக ஆடுகிறேன். நான் பார்த்த எல்லா ஆசிரியரும் தலையைக் கீழே வை என்றுதான் சொன்னார்கள். இப்படி எழுதுவது புதியவர்களைக் குழப்பும்.

சார், உங்கள் அனுபவத்துக்கு மரியாதை உண்டு. ஆனால் இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பந்தும் கிளப்பும் தொட்டுக்கொண்டிருப்பது ஒரு வினாடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அதைக் கண்ணால் பார்க்க முடியாது. அதன்பிறகு பந்து அங்கே இல்லை. இல்லாத பந்தைப் பார்த்துக்கொண்டு தலையை அழுத்தி வைத்தால் நெஞ்சு திரும்பாது, இடது முழங்கை வெளியே மடங்கும், எடை பின்னால் நிற்கும். டாப் வரக் காரணமான எல்லாமே அதில் வந்துவிடுகிறது.

ஸ்வீடன் ஆட்டக்காரர் அன்னிகா சோரன்ஸ்டாமைப் பாருங்கள். பந்தில் கிளப் படும் நேரத்திலேயே அவர் முகம் இலக்குப் பக்கம் திரும்பியிருக்கும். அப்படி ஆடித்தான் 2001ல் 18 ஹோல் கொண்ட ஒரு சுற்றை 59 அடியில் முடித்தார்; அடி எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. 10 மேஜர் (மிகப் பெரிய போட்டிகள்) பட்டங்களும் வென்றார். அமெரிக்க ஆட்டக்காரர் டேவிட் டுவாலும் அப்படித்தான். 1999ல் 59 அடித்தார், 2001ல் பிரிட்டிஷ் ஓபன் வென்றார்.

அதே ஆட்டக்காரர்: அவர்கள் பிறவி மேதைகள். நம் போன்றவர்களுக்கு அது பொருந்தாது.

என்னிடம் வந்த ஒருவரைச் சொல்கிறேன். 58 வயது, வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். பந்து போனபின்னும் தாடையை நெஞ்சில் புதைத்துக்கொண்டு நிற்பார், கழுத்து நரம்பு வெளியே தெரியும். "பந்தைப் பார்க்காதீர்கள், அது கிளம்பியதும் கூடவே பார்வையை அனுப்புங்கள்" என்றேன். முதல் இரண்டு பந்து டாப். மூன்றாவதில் இடுப்புப் பக்கிள் இலக்கைப் பார்த்தபடி முடித்தார். அன்றைக்குத்தான் அவர் கிளப் முதன்முதலாக பந்தைத் தாண்டி, இலக்குப் பக்கம் புல் எடுத்தது. குனிந்து அந்த டிவட்டை விரலால் தொட்டுப் பார்த்தார். மேதைகளுக்கு மட்டும் பொருந்துகிற விஷயம் இல்லை, சார்.

இன்னொரு வாசகர்: குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். ஜாக் நிக்லாஸ் சிறுவனாக இருந்தபோது அவர் ஆசிரியர் ஜாக் கிரௌட், தலை ஆடாமல் இருக்க அவர் முடியைப் பிடித்துக்கொள்ள ஆள் வைத்தார் என்று படித்திருக்கிறேன். 18 மேஜர் வென்றவர். அது தவறா?

நல்ல கேள்வி. நடந்தது உண்மை. கிரௌட் சொன்னதும் சரி. ஆனால் இரண்டு விஷயத்தை ஒன்றாகக் கலக்கிறோம்.

ஸ்விங் நடக்கும்போது தலை பக்கவாட்டில் போகாமல் இருப்பது ஒன்று. இது தேவை. பேக்ஸ்விங்கில் (கிளப்பைப் பின்னால் தூக்கும்போது) தலை மூன்று அங்குலம் வலது பக்கம் போய்த் திரும்பாவிட்டால் அடிப்புள்ளியும் கூடவே பின்னால் போய்விடும். கோலமாவில் அது உடனே தெரியும். பந்து போனபின் தலையைக் கீழே அழுத்தி வைப்பது வேறொன்று. கிரௌட் கேட்டது முதலாவது. 'தலையைத் தூக்காதே' என்று நண்பர்கள் கத்துவது இரண்டாவது. நிக்லாஸ்கூட ஸ்விங்கைத் தொடங்கும் முன் தாடையை வலது பக்கம் கொஞ்சம் திருப்பிக்கொள்வார். நிலையாக இருக்க வேண்டியது ஸ்விங்கின் நடு. முகம் திரும்பலாம். மூத்தவருக்கும் இதில் சம்மதம் இருக்கும் என்று நம்புகிறேன்.

ஆவடி வாசகர்: விளையாடினால் கீழ்முதுகு வலிக்கிறது.

முதலில் மருத்துவர் அல்லது பிசியோதெரபிஸ்ட். அவர்கள் அனுமதித்த பிறகு என்னிடம் வாருங்கள்.

குன்னூர் வாசகர்: ஊட்டியில் ஆடும்போது தூரமே கணிக்க முடியவில்லை. சரிவுகளில் அடியும் மண்ணில் விழுகிறது.

ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். காற்று மெல்லியது, அதனால் சென்னையைவிடப் பந்து பத்து சதவீதத்துக்கு மேல்கூட அதிகம் போகும். குளிர் அதில் கொஞ்சம் குறைக்கும். ஒரு கிளப் குறைத்து எடுத்து, முதல் இரண்டு ஹோலில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

சரிவில் தோள்களைச் சரிவோடு ஒட்டி வையுங்கள். இறக்கத்தில் நேராக நிமிர்ந்து நின்றால் கிளப் பின்னால்தான் மோதும். பந்து கால்மட்டத்துக்கு மேலே இருந்தால் இடது பக்கம் போகும். வலது பக்கம் குறி வையுங்கள், கிளப்பைக் கொஞ்சம் இறக்கிப் பிடியுங்கள். கீழே இருந்தால் நேர்மாறு. நீலகிரியில் பரவலாக இருக்கும் கிகுயு புல் நீளமாக வளர்ந்திருந்தால் கிளப்பைப் பிடித்துச் சுற்றிக்கொள்ளும். அங்கே வீரம் காட்டாமல் வெட்ஜ் (முகம் அதிகம் சாய்ந்த கிளப்) எடுத்து வெளியே வந்துவிடுங்கள்.

மயிலாப்பூரிலிருந்து ஓர் அம்மா: என் பெண்ணுக்கு 9 வயது, எழுதுவது இடது கை. எந்தக் கை செட் வாங்குவது?

இரண்டு பக்கமும் ஆடிப் பார்க்கட்டும் அம்மா, அவளே தேர்ந்தெடுப்பாள். மற்ற வேலைகளை வலது கையால் செய்யும் ஃபில் மிக்கல்சன் கோல்ஃப் மட்டும் இடது பக்கம் ஆடுகிறார். பெரியவர்களுடைய கிளப்பை வெட்டிக் கொடுக்காதீர்கள். குழந்தைக்கு அது கனம்.

ஓசூர் வாசகர்: ஸ்லைஸ் போக ஒரு எளிய வழி சொல்லுங்கள்.

மூன்றாவது தடவை. மேலே இருக்கிறது, தயவுசெய்து படியுங்கள்.

சிங்கப்பூர் வாசகர்: டிரைவருக்கும் (அதிக தூரம் அடிக்கும் கிளப்) பந்தைத் தாண்டித்தான் அடிப்புள்ளியா?

இல்லை. டிரைவரில் பந்து டீயின் (தரையில் குத்தும் சிறு தாங்கியின்) மேல் இருக்கிறது, அதனால் கிளப் அடிப்புள்ளியைத் தாண்டி மேலே ஏறும்போது பட்டால் தூரம் கிடைக்கும். பந்தை இடது குதிகாலுக்கு நேராக வையுங்கள். அயர்னில் கற்ற இறங்கும் அடியை அப்படியே டிரைவரில் கொண்டுவந்தால் பந்து வானத்துக்குப் போகும்.

புதுச்சேரி வாசகர்: கோச்சுக்குக் கொடுக்கப் பணமில்லை. நான் கேடி. நானே கற்க முடியுமா?

தம்பி, உனக்குத்தான் நிறைய எழுத ஆசை. பெங்களூரில் கேடியாகத் தொடங்கிய சி. முனியப்பா 2009ல் இந்திய ஓபனை வென்றார். 1991லும் 1993லும் வென்ற அலி ஷேரும் டெல்லியில் கேடியாக இருந்தவர். தினமும் 18 ஹோல் நடக்கிறாய். நீ தூக்கிப்போகும் பையின் சொந்தக்காரர் அடித்ததும் எல்லோரும் பந்தைப் பார்ப்பார்கள். நீ டிவட்டைப் பார். எங்கே தொடங்கியது, எந்தப் பக்கம் காட்டுகிறது, ஒரு பக்கம் மட்டும் ஆழமா என்று பார். அப்புறம் பந்து போன வழியோடு சேர்த்துப் பார். ஆறு மாதத்தில் உனக்குத் தெரிவது பலருக்குத் தெரியாது. ஒரு பழைய 7 அயர்ன் கிடைத்தால் போதும். சனிக்கிழமை காலையில் சென்னைக்கு வர முடிந்தால் வா, கட்டணம் வேண்டாம்.

பெருங்குடி வாசகர்: நீங்கள் சொன்னபடி டிவட் எடுத்தேன். மைதானத்தில் வேலை செய்பவர் கோபித்துக்கொண்டார்.

அவர் கோபம் நியாயம். பெயர்ந்த புல்துண்டு முழுசாக இருந்தால் எடுத்து வந்து அதே இடத்தில் வைத்துக் காலால் அழுத்துங்கள். சிதறிப் போயிருந்தால் மணலை நிரப்பி, தரைமட்டத்துக்குத் தட்டிவிடுங்கள். கோலமாவுப் பயிற்சிக்கு அவரிடமே கேட்டு, ஓரமாக ஒரு இடம் வாங்கிக்கொள்ளுங்கள்.