மேகம் நகர்கிறது, மழை மட்டும் ஏன் நகரவில்லை?

கேள்வி: ராடார் படத்தில் சில நாள் மலைக்கு முன்னால் நீளமான ஒரு பட்டையாக மழை மணிக்கணக்கில் அதே இடத்தில் நிற்கிறது. மேகங்கள் என்னவோ நகர்ந்துகொண்டுதான் இருக்கின்றன. மலை மேகத்தைத் தடுத்து வைக்கிறதா?

பதில்: மலை தடுப்பது மேகத்தை அல்ல, தரையை ஒட்டி வீசும் காற்றை. வளிமண்டல ஈரத்தில் பாதிக்கும் மேல் தரையை ஒட்டிய சுமார் 2 கிலோமீட்டருக்குள்தான் இருக்கிறது. அந்த ஈரக்காற்று சரிவில் ஏறினால் குளிர்ந்து மழையாகும், இது பள்ளியிலேயே படித்ததுதான். ஆனால் காற்று மலை ஏறியே தீரும் என்று யார் சொன்னது? வேகம் போதாமல், மலையும் உயரமாக இருந்துவிட்டால் அடிவாரத்துக்கு முன்பே தேங்கிவிடும் அல்லது பக்கவாட்டில் சுற்றிக்கொண்டு போய்விடும். பின்னால் வரும் காற்று அந்தத் தேக்கத்தின் மேல் ஏறும்போது, மலைக்கு வெகு முன்னாலேயே, சில சமயம் கடலிலேயே, மழை கொட்டத் தொடங்கும்.

அப்புறம் மழையே தனக்கு ஒரு வேலி போட்டுக்கொள்கிறது. துளிகள் ஆவியாவதால் குளிர்ந்த காற்று கீழே இறங்கித் தரையில் பரவும். அதுவும் எதிரே வரும் ஈரக்காற்றும் சமபலத்தில் மோதி நின்றால், அந்தக் கோட்டில் புதுப்புது மேகங்கள் கிளம்பிக்கொண்டே இருக்கும். ஒவ்வொன்றும் உயரத்தில் வீசும் காற்றோடு போய்விடும், ஆனால் பிறக்கும் இடம் மாறாது. ராடாரில் நிற்பதாகத் தெரிவது இந்தக் கோடுதான்.

ஹவாயில் இதை நன்றாகப் பார்க்கலாம். அங்குள்ள மௌனா கேயா 4,200 மீட்டருக்கும் மேல் உயரம், ஆனால் உச்சி வறண்டது. மழையெல்லாம் வியாபாரக் காற்று (கிழக்குத் திசையிலிருந்து பெரும்பாலும் சீராக வீசும் காற்று) வந்து மோதும் கிழக்குப் பக்கத்தில், ஹிலோ வட்டாரத்தில். இரவில் சரிவிலிருந்து இறங்கும் குளிர்காற்று அந்த வியாபாரக் காற்றோடு மோதுவதால் ஹிலோவுக்கு எதிரே கடலிலும் மழைப்பட்டை உண்டாகும்.

கேள்வி: அப்படியானால் 200, 300 மீட்டர் குன்றுகளால் ஒன்றும் ஆகாதா?

பதில்: ஆகும், ஆனால் வேறு வழியில். குன்று தனியாகப் பெரிய மழை தராது, அதன் தலையில் தாழ்வான மேகம் ஒன்று கவிந்திருக்கும், அவ்வளவுதான். ஏற்கெனவே உயரத்து மேகத்திலிருந்து மழை விழுந்துகொண்டிருந்தால், அந்தத் துளிகள் கீழ்மேகத்தின் நுண்துளிகளை வாரிக்கொண்டு பெரிதாகி விழும். அதனால்தான் ஒரே மழையில் குன்றின் மேல் வைத்த மழைமானி பக்கத்துச் சமவெளியைவிட அதிகம் காட்டுகிறது.