கீமோ, கதிர்வீச்சு எல்லாம் முடிந்த பிறகு எந்தப் பழக்கங்களைக் கடைப்பிடிக்க வேண்டும்?

மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை, கீமோ, கதிர்வீச்சு மூன்றையும் முடித்து, இப்போது ஹார்மோன் மாத்திரை மட்டும் எடுத்துக்கொண்டிருப்பவள் நான். இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் உணவைத்தான் மனத்தில் வைத்திருக்கிறார்கள். நானோ நடையிலிருந்து தொடங்கச் சொல்வேன்.

சிகிச்சைக்குப் பின் வரும் களைப்பு, தூங்கி எழுந்தால் தீர்ந்துபோகிற களைப்பு அன்று. ஒரு வாளித் துணியைக் கொடியில் போட்டுவிட்டு உட்கார்ந்தால் மறுபடி எழ மனம் வராது. பிற்பகல் முழுவதும் படுத்திருந்தாலும் மாலையில் அதே அயர்வுதான். வீட்டில் இருப்பவர்கள் அன்பினால் "நீ ஒன்றும் செய்யாதே, ஓய்வெடு" என்பார்கள். ஆனால் படுத்தே கிடந்தால் தசை கரைகிறது. தசை கரைந்தால் சிறு வேலைக்கே மூச்சு வாங்குகிறது. களைப்பு இன்னும் கூடுகிறது. வாரத்தில் மூன்று நாள் அரை மணி நேரம், பேச முடிகிற ஆனால் பாட முடியாத வேகத்தில் நடப்பதும், இரண்டு நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சி செய்வதும் இந்தக் களைப்பைக் குறைக்கும் என்று 2019இல் பன்னாட்டு நிபுணர் குழு ஒன்று பரிந்துரைத்தது. தொடக்கத்தில் பத்து நிமிடம் நடந்தாலே போதும்.

பெருங்குடல் புற்றுநோய்ச் சிகிச்சையை முடித்த 889 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2025இல் வெளியானது. மூன்று ஆண்டுகள் பயிற்றுநரின் துணையோடு உடற்பயிற்சி செய்தவர்களுக்கு, நோய் திரும்புவது, புதிய புற்றுநோய் வருவது, இறப்பு ஆகியவற்றின் ஆபத்து ஒட்டுமொத்தமாக 28 சதவீதம் குறைந்திருந்தது. இதை எல்லா வகைப் புற்றுநோய்க்கும் அப்படியே பொருத்திவிடக் கூடாது என்றாலும், என்னைப் பொறுத்தவரை காலணியை மாட்டிக்கொள்ள இந்தக் காரணம் போதும்.

அக்குளில் நிணநீர்க் கணுக்களை எடுத்தவர்கள் எடையே தூக்கக் கூடாது, தூக்கினால் அந்தப் பக்கக் கை வீங்கும் என்ற பழைய அறிவுரை இன்னும் உலவுகிறது. மேற்பார்வையோடு சிறிது சிறிதாக எடையைக் கூட்டினால் கை வீக்கம் அதிகரிப்பதில்லை என்று 2009இலேயே ஆய்வு காட்டிவிட்டது. மோதிரமோ சட்டைக் கையோ அந்தப் பக்கம் மட்டும் இறுகுகிறதா என்று அவ்வப்போது பார்த்துக்கொள்ளுங்கள். இறுகினால் அடுத்த பரிசோதனை வரை காத்திருக்க வேண்டாம்.

உணவில் காய்கறி, பழம், முழுதானியம், போதிய புரதம் இருக்கட்டும். சர்க்கரையை அறவே நிறுத்தினால் புற்றுநோய் பட்டினி கிடந்து சாகும் என்பவர்களோடு வாதிட்டு உங்கள் சக்தியை வீணாக்காதீர்கள். சத்து மாத்திரை, மூலிகைப் பொடி எதுவானாலும் மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள். சில, மருந்தின் வேலையையே கெடுக்கும். புகையிலையும் மதுவும் வேண்டவே வேண்டாம்.

பலர் விட்டுவிடுவது ஒன்று உண்டு: எந்த மருந்து, எவ்வளவு அளவு, உடலின் எந்தப் பகுதியில் கதிர்வீச்சு என்ற முழு விவரத்தையும் மருத்துவமனையில் எழுதி வாங்கிக்கொள்வது. சில கீமோ மருந்துகள் இதயத்தைப் பாதிப்பது பல ஆண்டுகள் கழித்தும் தெரியவரலாம். அப்போது உங்களைப் பார்க்கும் மருத்துவர் வேறொருவராக இருக்கக்கூடும், அவருக்கு அந்தத் தாள் தேவைப்படும்.