தற்கொலைக்கு முயன்றவர் அவசரப் பிரிவுக்கு வரும்போது: மூத்த செவிலியரிடம் கேள்வி பதில்

பயிற்சிச் செவிலியர்: முதலில் உடலைக் கவனிப்பதா, மனத்தையா?

பதில்: மூச்சுப்பாதை, சுவாசம், இரத்த ஓட்டம், நினைவுநிலை என்ற வழக்கமான வரிசை எந்த நோயாளிக்கும் மாறுவதில்லை. மருந்தை அதிகமாக உட்கொண்டவர் தெளிவாகப் பேசுகிறார் என்பதற்காக அவரைக் காத்திருக்க வைக்கக் கூடாது. கல்லீரல் பாதிப்பு ஓரிரு நாள் கழித்தே வெளிப்படும் மருந்துகளும் உண்டு. எதை, எப்போது உட்கொண்டார் என்பதைக் கேட்டு, நேரத்துடன் குறித்துவிடுங்கள். நஞ்சை முறிக்கும் மாற்று மருந்தை முடிவு செய்ய மருத்துவர் முதலில் தேடுவது அந்தக் குறிப்பைத்தான்.

இரவுப்பணிச் செவிலியர்: "மறுபடியும் செய்துகொள்ளத் தோன்றுகிறதா?" என்று நேரடியாகக் கேட்டால், இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிட மாட்டோமா?

பதில்: மாட்டோம். ஆய்வுகளும் அப்படிக் கேட்பதால் எண்ணம் கூடுவதாகக் காட்டவில்லை. திரையை இழுத்து மூடி, உறவினரைச் சற்று வெளியே இருக்கச் சொல்லி, நாற்காலியில் உட்கார்ந்து கேளுங்கள். நின்றுகொண்டு கேட்டால் "இல்லை" என்ற ஒற்றைச் சொல்தான் கிடைக்கும். மதிப்பெண் போடும் படிவத்தை மட்டும் நம்பி "ஆபத்துக் குறைவு" என்று எழுதிவிடாதீர்கள். மீண்டும் முயல்வாரா என்பதைக் கணிக்க அத்தகைய அளவுகோல்களைப் பயன்படுத்த வேண்டாம் என்று பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் (NICE) அமைப்பு 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதலே கூறுகிறது.

மற்றொரு செவிலியர்: இதே நோயாளி மூன்றாம் முறையாக வருகிறார். எங்களுக்கும் சலிப்பு வருகிறதே?

பதில்: சலிப்பு வருவது இயல்பு, அது கையில் தெரிவதுதான் தவறு. தானே ஏற்படுத்திக்கொண்ட காயம்தானே என்று, ஒரு பெண்ணுக்கு மரத்துப்போகும் ஊசி போடாமலே ஒருவர் தையல் போட முனைந்ததை நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன். அந்தப் பெண் முனகவும் இல்லை, சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஊசியைக் கேட்டு வாங்கிப் போட்டபின், "இப்போது தொடப்போகிறேன், சரியா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்டேன், நான்காவது தையலின்போது அவராகவே பேசத் தொடங்கினார். முன்பு முயன்றவருக்கே மறுபடி முயலும் ஆபத்து அதிகம் என்பதால், "கவனத்தை ஈர்க்கச் செய்கிறார்" என்ற சொல்லைக் குறிப்பேட்டிலும் பணிமாற்றப் பேச்சிலும் தவிர்த்துவிடுங்கள்.

நோயாளியின் தாய்: மகனைக் கழிவறைக்குக்கூடத் தனியாக விடவில்லை. அவமானப்படுத்துகிறார்களோ?

பதில்: இல்லை அம்மா. சில நேரம் பார்வையிலிருந்து அகலாத கண்காணிப்பு தேவைப்படுகிறது. அது தண்டனை அன்று என்பதையும், எப்போது தளர்த்தப்படும் என்பதையும் உங்கள் மகனிடமே விளக்கியிருக்க வேண்டும். விளக்காதது எங்கள் பக்கத் தவறு.

பயிற்சிச் செவிலியர்: வீட்டுக்கு அனுப்பும்போது "இனிச் செய்ய மாட்டேன்" என்று எழுதி வாங்கினால் போதுமா?

பதில்: அந்தத் தாள் யாரையும் காப்பதில்லை. மாறாக, மனம் இருளும்போது தெரியும் அறிகுறிகள், அப்போது தானே செய்யக்கூடியவை, அழைக்க வேண்டியவர்கள், வீட்டிலிருந்து அகற்ற வேண்டிய பொருள்கள் ஆகியவற்றை அவருடைய சொற்களிலேயே எழுதிக் கையில் கொடுங்கள். அடுத்த சந்திப்புக்குத் தேதியும் குறித்துவிடுங்கள். உலகச் சுகாதார நிறுவனம் 5 நாடுகளில், அவசரப் பிரிவுக்கு வந்த 1,867 பேரிடம் நடத்தி 2008-இல் வெளியான ஆய்வில், ஒரு மணி நேர ஆலோசனையும் 18 மாதங்களில் 9 முறை நலம் விசாரிப்பும் பெற்றவர்களிடையே தற்கொலை மரணம் 0.2 விழுக்காடு, வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களிடையே 2.2 விழுக்காடு. வெளியேறிய பின்வரும் முதல் வாரத்தில்தான் ஆபத்து மிகுதி. ஆகவே அந்த முதல் அழைப்பை யார் செய்வது என்பதை, நோயாளி படுக்கையை விட்டு எழுவதற்கு முன்பே, பெயர் குறித்து முடிவு செய்துவிடுங்கள்.