காலநிலையும் சக்தியும் தெரிந்த பௌதிகவியல் விரிவுரையாளர்: கேள்வி பதில்

காலநிலை, சக்தி ஆகிய இரண்டையும் கையாளக்கூடிய ஒருவரைப் பல்கலைக்கழகப் பௌதிகவியல் துறைக்கு எடுப்பது எப்படி, அந்தப் பதவிக்குப் போவது எப்படி என்று மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கமிருந்து வந்த கேள்விகள் இவை. விரிவுரையாளர் தெரிவுக் குழுக்களில் அமர்ந்து பழகி, இப்போது ஓய்வு பெற்றவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

சேர், நான் பௌதிகவியல் சிறப்புப் பட்டம் இறுதியாண்டு. காலநிலைக்கென்று தனியாகப் படிக்கவில்லை. என்னை எடுப்பார்களா? (மாணவி, வந்தாறுமூலை)

மகள், தொடக்கப் பதவி தகுதிகாண் விரிவுரையாளர். அதற்குச் சிறப்புப் பட்டத்தில் முதல் வகுப்போ இரண்டாம் வகுப்பு மேற்பிரிவோ வேண்டும். சேர்ந்த பிறகு குறித்த காலத்துக்குள் பட்டப்பின் படிப்பை முடித்தால்தான் பதவி உறுதியாகும். காலநிலையை அப்போது ஆய்வாக எடுக்கலாம். இப்போதைக்கு வெப்பவியக்கவியல், பாய்ம இயக்கவியல், கதிர்வீசல் மூன்றையும் பிசகில்லாமல் பிடித்துக்கொள்ளுங்கள். புள்ளிவிபரமும் கணினி நிரலும் கூட இருந்தால் நல்லது.

காலநிலை புவியியல்காரர்களின் வேலையில்லையா? (ஆசிரியை, கல்முனை)

அவர்களுடையதும்தான் டீச்சர். ஆனால் 2021ஆம் ஆண்டு பௌதிகவியல் நோபல் பரிசில் பாதியைப் பெற்ற மனாபேயும் ஹாசல்மானும் செய்தது காலநிலையைச் சமன்பாடுகளால் கணிக்கும் மாதிரியமைப்பு. அதற்கும் முன்னால், 1896இலேயே, காபனீரொட்சைட்டு கூடினால் பூமி எவ்வளவு சூடாகும் என்று சுவீடன் விஞ்ஞானி அரீனியசு கையால் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டார்.

நேர்முகத்தில் என்ன கேட்பீர்கள்? மாதிரி விரிவுரைக்கு எந்தத் தலைப்பு எடுபடும்? (உதவி விரிவுரையாளர், சம்மாந்துறை)

உலகம் வெப்பமாகிறது, பனிமலை உருகுகிறது என்று படம் காட்டுகிறவர்களை நிறையப் பார்த்தாயிற்று. நானாக இருந்தால், மலைநாட்டிலிருந்து நம் பக்கம் வறண்டு வீசும் கச்சான் காற்றைக் கேட்பேன். ஜூன், ஜூலையில் மட்டக்களப்பில் வெயில் ஏறக்குறைய 38 பாகை வரை போகிறதே, கடற்காற்று கூட உள்ளே வரமுடியாமல் நிற்கிறதே, ஏன்?

தென்மேற்குப் பருவக்காற்று ஈரத்தோடு மலைநாட்டில் ஏறுகிறது. நீராவி ஒடுங்கும்போது வெளிவிடும் மறைவெப்பத்தால் அந்தக் காற்று கிலோமீற்றருக்கு ஐந்தாறு பாகைதான் குளிர்கிறது. மழையை மேற்குச் சரிவிலேயே கொட்டிவிட்டு, வறண்டு நம் பக்கம் கச்சானாக இறங்கும்போது கிலோமீற்றருக்குப் பத்துப் பாகையளவு சூடாகிறது. ஏறும்போது இழந்ததை விட இறங்கும்போது பெற்றது அதிகம். இதை ஒரு வெண்பலகையில், இரண்டு சமன்பாட்டோடு, ஏ.எல் படித்து வந்த பிள்ளைக்கு விளங்கும்படி சொல்பவருக்கு நான் புள்ளி போடுவேன். ‘தெரியாது, ஆனால் இப்படி யோசிக்கலாம்’ என்று தொடங்கிப் பாதி வழி போனவருக்கும் போடுவேன். வெளியீட்டுப் பட்டியலை மட்டும் நீட்டுபவருடன்தான் எனக்குச் சிக்கல்.

சோலார் பூட்டும் தொழிலில் நீண்ட அனுபவம் உண்டு, பட்டம் பொறியியல். விண்ணப்பிக்கலாமா? (காத்தான்குடி)

விளம்பரத்தில் பௌதிகவியல் பட்டம் என்று போட்டிருந்தால் முடியாது தம்பி. வருகை விரிவுரையாளராகக் கேட்டுப் பாருங்கள். கையால் வேலை செய்தவர்கள் வகுப்புக்கு வருவது பிள்ளைகளுக்கு நல்லது.

ஆய்வுகூடத்துக்குக் காசே இல்லாத இடத்தில் புதிதாக வருபவர் என்ன செய்வார்? (ஒலுவில்)

கூரையில் ஒரு சோலார் தகடு, அதன் முதுகில் ஒட்டிய வெப்பமானி, மின்னழுத்தமும் மின்னோட்டமும் அளக்க ஒரு பல்மானி (மல்டிமீற்றர்). தகட்டின் வலு 25 பாகையில் அளந்து எழுதப்படுவது. அதற்கு மேல் ஒவ்வொரு பாகைக்கும் சுமார் 0.3 முதல் 0.4 சதவீதம் குறையும். நம் வெயிலில் தகடு 60 பாகைக்குப் போனால் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. ஒரு வருடம் அளந்தால் இறுதியாண்டு ஆய்வுக்குப் போதும்.

உங்கள் ஊரிலேயே இன்னொன்று: துறைமுகம் கட்டிய பிறகு கரை அரிக்கிறது, துறைமுக வாயிலை மணல் மூடுகிறது. அலையும் மணலும் எப்படி நகர்கின்றன என்பதும் பௌதிகவியல்தான்.

சக்தி பக்கம் பார்த்தால், 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடே இருண்டதே, அதை வகுப்பில் வையுங்கள். பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு ஏறியதைத்தான் எல்லாரும் பேசினார்கள். ஆனால் அன்று ஞாயிற்றுக்கிழமை, மின்சாரத் தேவை குறைவு, சோலார் நிறைய. சுழலும் பெரிய மின்பிறப்பாக்கிகள் குறைவாக ஓடியதால் சடத்துவம், அதாவது சுழலும் வேகம் சட்டென்று மாறாமல் தாங்கும் தன்மை, குறைவு. கோளாறு வந்தபோது மீடிறனை, அதாவது மின்னோட்டம் செக்கனுக்கு எத்தனை தடவை அலைகிறது என்பதை, தாங்கிப் பிடிக்க ஆளில்லை. பாவம் குரங்கு.

தமிழ் தெரியாதவர் வந்தால்? (ஏறாவூர்)

விஞ்ஞான பீடத்தில் விரிவுரை ஆங்கிலத்தில்தான், வகுப்புக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் வாகரை மீனவரிடமும் வவுணதீவு விவசாயியிடமும் தரவு எடுக்கத் தமிழ் வேண்டும். வந்த பிறகு படித்துக்கொள்ளட்டும்.

துறைத் தலைமையில் இருக்கிறேன். விளம்பரத்தை எப்படி எழுதுவது? (பெயர் வேண்டாம்)

‘காலநிலை மற்றும் சக்தி’ என்று மட்டும் போடாதீர்கள். சூரியக் கலத்துக்குப் பொருள் தயாரிப்பவரும் வருவார், மழையைக் கணினி மாதிரியில் கணிப்பவரும் வருவார். இருவரையும் ஒரே அளவுகோலால் அளக்க முடியாமல் குழு திண்டாடும், கடைசியில் யார் சத்தமாகப் பேசுகிறாரோ அவர் சொன்னவர் வருவார். எந்தப் பாடத்தைக் கற்பிக்க ஆள் இல்லையோ அதை முதலில் எழுதுங்கள், ஆய்வுத் துறையை இரண்டாவதாக எழுதுங்கள். முதலாம் ஆண்டுப் பொறிமுறைப் பாடம் (மெக்கானிக்ஸ்) எடுக்கத் தயாரா என்பதையும் அதிலேயே கேட்டுவிடுங்கள்.